நத்தைக்கு ஒரு கதவு

உயிர்கள் இடத்துக்கேற்பப் பிழைக்கும் வழிகளைச் சொல்லும் பாடத்துக்கு, புத்தகத்தில் ஒட்டகமும் சப்பாத்திக் கள்ளியும்தான் இருந்தன. வடசென்னையில், எர்ணாவூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டகத்தை எங்கே போய்க் காட்டுவது? பெர்சிஸ் டீச்சர் யோசித்துப் பார்த்தாள். திங்கட்கிழமை விடிந்ததும், திருவொற்றியூரில் அப்பாவின் மளிகைக் கடை மொபெட்டை எடுத்துக்கொண்டு எண்ணூர் முகத்துவாரம் வரை போனாள். ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறையச் சேறு, அந்தச் சேற்றில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தைகள், ஒரு கட்டு அலையாத்திக் கிளைகள். எல்லாவற்றையும் கொண்டுவந்து மூன்றாம் வகுப்பு மேசைமேல் வைத்தாள்.

"இலைய நக்கிப் பாருங்க," என்றாள்.

முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒருத்தன் நக்கினான். அப்புறம் வகுப்பே முண்டியடித்துக்கொண்டு நக்கியது.

"உப்பு டீச்சர்!"

"மரத்துக்கு வேர்த்துகினு கீது டீச்சர்!"

"அதேதான்ல. உப்புத் தண்ணியில நிக்குற மரம், வேண்டாத உப்ப இலை வழியா வெளிய தள்ளிரும். இல்லன்னா பட்டுப் போயிரும்."

அப்பா அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட அவளுடைய சாத்தான்குளத்துப் பேச்சு பிள்ளைகளுக்கு வேடிக்கை. "அதேதான்ல, அதேதான்ல," என்று கடைசி பெஞ்சில் ஜெபின் சொல்லிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். பெர்சிஸும் சிரித்தாள்.

சிரிக்காத ஒரே பிள்ளை யசோதரா. அவள் பேசினுக்குள் குனிந்து, ஒரு நத்தையை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். புளியந்தோப்பிலிருந்து குடிசை மாற்று வாரிய வீட்டுக்கு மாறிவந்த குடும்பம். குச்சி குச்சியாகக் கை கால். கொஞ்சம் ஓடினாலே நெஞ்சு விசில் அடிக்கும். அதனால் அவளுக்கு 'விசிலு' என்று பட்டப்பெயர். எந்த ஆட்டம் ஆடினாலும் முதல் ஆளாக அவுட் ஆகிறவள் அவள்தான். லாரி ஓட்டும் அவளுடைய அப்பா பீம்ராவ், சேர்க்கும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "சாம்பிராணி புகைகூட தாங்காது டீச்சரம்மா. இழுக்கிற மருந்து பம்ப்பு அவ பேக்லயே கீது. கொஞ்சம் பாத்துக்கோங்கோ." எந்தங்கச்சி மாதிரி பாத்துக்கிடுறேன் என்று பெர்சிஸும் சொல்லியிருந்தாள்.

"டீச்சர், அது செத்துட்ச்சா?" என்று கேட்டாள் யசோதரா.

"இல்லம்மா. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கு. பாரு, இந்த மூடிதான் அதுக்குக் கதவு. தண்ணி கெட்டுப் போனா, வெயில் காஞ்சா, யாராவது திங்க வந்தா, உள்ள போய் இழுத்து மூடிக்கும். உள்ள ஈரம் இருக்கும், அது போதும். வெளிய எல்லாம் சரியானதும் தொறக்கும்."

"சரி ஆய்ட்ச்சுன்னு அதுக்கு எப்டி தெரியும்? யாரு சொல்வாங்கோ?"

"அதுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு பெர்சிஸ் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அதே கூத்துதான். இலைபோலவே இருக்கும் பூச்சி, மண் நிறத்திலேயே முட்டையிடும் பறவை, குச்சிபோல நீட்டிப் படுத்திருக்கும் குச்சிப்பூச்சி. படித்ததை ஆடிப் பார்க்கவும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு உயிராகிப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒருத்தர் பருந்து. பருந்தின் கண்ணில் படாதவர் ஜெயித்தவர். கோணிப்பை, பழைய செய்தித்தாள், வேப்பங்கொத்து, சேறு, எதை வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம், போர்த்திக்கொள்ளலாம்.

புதன்கிழமை முதல் ஆட்டத்தில் ஜெபின் பருந்து. தேடிப் பார்த்துச் சலித்தவன், சமையல் கொட்டகைப் பக்கம் போய் ஆயா மங்கையின் குரலில், "முட்ட வெந்துட்ச்சு, தட்ட எட்த்துகினு வாங்கோ!" என்று கத்தினான். ஒளிந்திருந்த உயிர்கள் எல்லாம் எழுந்து ஓடிவந்து மாட்டிக்கொண்டன. ஒரே ரகளை. "அழுகுணி ஆட்டம் டீச்சர்!" என்று பாதிப் பிள்ளைகள் அழுதன.

அதனால் வியாழக்கிழமை பெர்சிஸ் ஒரு புது ரூல் போட்டாள்.

"யார் கூப்பிட்டாலும் வெளிய வரக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வரக்கூடாது. பருந்து எப்படி வேணும்னாலும் ஏமாத்தும். அசையக் கூடாது, பேசக் கூடாது. பெல் அடிச்சா மட்டும் வரணும்."

"நீங்க கூப்ட்டாகூடவா டீச்சர்?" யசோதராதான் கேட்டாள்.

"நான் கூப்பிட்டாலும்தான்."

பெல் என்றால் மின்சார மணி. அதை அமுக்கும் பொத்தான் கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. அதற்குப் பதில் ஆசிரியர் அறைச் சுவரில் சாதாரண லைட் சுவிட்ச் ஒன்றை மாட்டியிருந்தார்கள். போட்டால் அடிக்க ஆரம்பிக்கும், அணைக்கிறவரை நிற்காது. மங்கை ஆயா சுவிட்சைப் போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்று, முழங்கையாலேயே அதை அணைப்பாள்.

"நீ என்னவாகப் போற?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு வந்தாள் பெர்சிஸ்.

"நத்தை," என்றாள் யசோதரா.

"நத்தை வேண்டாம்மா. அது கதவத்தான் சாத்தும், ஒளியாது. இது ஒளியிற ஆட்டம்லா? நீ ஒல்லியா இருக்க. குச்சிப்பூச்சியா இரு. வேப்பமரத்தோட ஒட்டி நின்னா யாருக்கும் தெரியாது."

யசோதரா தலையாட்டினாள்.

"விசிலு, நீ குச்சியானா இன்னா, கட்டையானா இன்னா?" என்றான் ஜெபின். "உன் நெஞ்சு கூவிகினே இருக்கும். மொத ஆளு நீதான்."

யசோதரா கோணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

காலையிலிருந்தே ஒரு வாடை. வாடை இல்லாத காலையை எர்ணாவூர் என்றைக்குப் பார்த்தது? மேற்கே இருந்து அடித்தால் மணலி ஆலைக் காற்று, வடக்கே இருந்து அடித்தால் அனல்மின் நிலையச் சாம்பல் காற்று என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும். மங்கை மட்டும் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா டீச்சர், மூத்தர நாத்தமா அடிக்கிது?"

"கக்கூஸ் கழுவலியா ஆயா?"

"ஐய, அதெல்லாம் காலைலயே கழுவியாச்சு. இது காவா பக்கத்துலேர்ந்து வர்து. வுடு டீச்சர், நமக்கு இது புச்சா இன்னா?"

பெர்சிஸும் விட்டுவிட்டாள். அவளும் திருவொற்றியூரில் வளர்ந்தவள். மூக்கு எப்போதோ பழகிப்போயிருந்தது.

பிள்ளைகள் ஒளியப் போனார்கள். பின்பக்கத்தில் ஒளிய இடத்துக்குப் பஞ்சமில்லை. வேப்பமரம், மதில் ஓரமாக மண்டிய சீமைக்கருவேலம், சமையல் கொட்டகை, அதற்குப் பின்னால் மழைநீர் வடிகால் வேலைக்கென்று கொண்டுவந்து போட்டு மறந்துபோன சிமெண்ட் குழாய்கள், அவற்றைச் சுற்றித் தோண்டிப் போட்ட மண்மேடு.

அன்றைக்கும் பருந்தான ஜெபின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வட்டமிட ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு பிள்ளைகள் இருக்கும் இடம் இத்தனை அமைதியாக இருக்க முடியுமா என்று பெர்சிஸ் பெருமைப்பட்டாள்.

அப்போது வேப்பமரத்துக் காகங்கள் மொத்தமாக எழும்பின. கத்தக்கூட இல்லை. எழும்பின, கிழக்கே கடலைப் பார்த்துப் போயின. மதில்மேல் படுத்திருந்த பூனை குதித்து, அதே பக்கம் ஓடியது.

ஆபத்து மனிதனுக்கு முன்னால் பிராணிகளுக்குத் தெரிந்துவிடும் என்று பெர்சிஸே செவ்வாய்க்கிழமை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கருவேலம் புதரிலிருந்து ஒரு பிள்ளை இருமிக்கொண்டே வெளியே வந்தது. "கண்ணு எரியுது டீச்சர்." இன்னொன்று. பிறகு நான்கைந்து. பருந்தாக இருந்த ஜெபின் தரையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கி அழுதான். வாடை இப்போது வாடையாக இல்லை. மூக்கின் உள்ளே ஊசியாகக் குத்தியது.

தலைமையாசிரியர் லோகநாதன் செல்போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தார். வேட்டி காலைத் தடுக்கியது.

"காவாய்க்கு அந்தாண்ட மீன் கிடங்குல அமோனியா லீக்காம் டீச்சர்! கரண்ட எல்லாம் நிறுத்திட்டாங்க. புள்ளைங்கள மெயின் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. கெளம்புங்க, கெளம்புங்க!"

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே ஓட்டம். மங்கை குழாயடியில் துணிகளை நனைத்து நனைத்து ஒவ்வொரு முகத்திலும் அப்பினாள். ரூலாவது ஒன்றாவது, பிள்ளைகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொட்டினார்கள். பெர்சிஸ் இரண்டு கையிலும் கிடைத்த கைகளைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் கேட் வரை இழுத்துப் போனாள். கேட்டுக்கு வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. சனங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

கேட்டருகே மங்கை தலை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு பெர்சிஸைப் பார்த்தாள்.

"விசிலு பொண்ணு இல்ல டீச்சர்."

"நல்லாப் பாருங்க ஆயா!"

"பாத்துட்டேன் டீச்சர். அவ வரல. ஐயோ, அவளுக்கு நெஞ்சு வேற…"

யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது. நான் கூப்பிட்டாலும்தான்.

தன் குரல் தன் காதிலேயே கேட்டது அவளுக்கு. மற்ற பிள்ளைகள் கண் எரிந்ததும் ரூலை மறந்துவிட்டு ஓடிவந்தார்கள். ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்த ஒருத்தி மட்டும் மறக்கவில்லை. பெல் அடிக்கும் வரை அவள் அசைய மாட்டாள்.

லோகநாதன் உள்ளே திரும்பினார். பெர்சிஸ் அவரை மறித்தாள். "சார், நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க. அவ எங்க ஒளிஞ்சிருக்கான்னு எனக்குத்தான் தெரியும்."

அவளுக்கு அது தெரியாது.

நனைத்த துப்பட்டாவை மூக்கோடு கட்டிக்கொண்டு முதலில் ஓடியது ஆசிரியர் அறைக்கு. சுவிட்சைத் தட்டினாள். மணி அடிக்கவில்லை. மேலும் கீழும் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். அடிக்கவில்லை. கரண்ட்டை நிறுத்திவிட்டதாக லோகநாதன் சொன்னது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினாள். வரிசையாக மாட்டியிருந்த பைகளில் யசோதராவின் பையைக் கிழிக்காத குறையாகத் திறந்து, மருந்து பம்ப்பை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"யசோதரா! ஆட்டம் முடிஞ்சிருச்சு! வெளிய வா!"

பின்பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. பிள்ளைகள் உதறிப்போட்ட கோணிகளும் வேப்பங்கொத்துகளும் தரையெங்கும் சிதறிக் கிடந்தன.

குச்சிப்பூச்சி. வேப்பமரத்தோடு ஒட்டி நிற்பாள். பெர்சிஸ் மரத்தை ஒரு சுற்று சுற்றினாள். இல்லை. மேலே பார்த்தாள். கண்ணில் மிளகாயைத் தேய்த்தது போல எரிந்தது, கிளைகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கருவேலம் புதருக்குள் நுழைந்தாள். முள் கையைக் கிழித்தது. ஒவ்வொரு காய்ந்த கொம்பும் ஒரு குழந்தையின் கையாகத் தெரிந்தது, தொட்டால் கொம்புதான். சமையல் கொட்டகையில் சாத்தி வைத்திருந்த விறகுக்குப் பின்னால் பார்த்தாள். விளக்குமாற்றுக் கட்டுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள்.

"யசோ! டீச்சர் நெசமாத்தான் கூப்பிடுறேன்! யசோ!"

கூப்பிடக் கூப்பிட, உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் தொண்டையை அறுத்தது. கூப்பிடுவதில் பிரயோஜனமும் இல்லை. கூப்பிடக் கூப்பிட அந்தக் குழந்தை இன்னும் ஆழமாகத்தான் ஒளியும். பருந்து ஏமாற்றுகிறது என்று நினைக்கும்.

மேற்கு மதிலுக்கு மேலே வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. மார்கழிப் பனி மாதிரி. அது மதிலின் மேலேறி, இந்தப் பக்கம் வழிந்து, தரையோடு தரையாக ஊர ஆரம்பித்தது.

ஏசப்பா, என்று வாய்விட்டு அழுதாள் பெர்சிஸ். நான் அவளைக் குச்சிப்பூச்சியாக இருக்கச் சொன்னேனே, ஏன் இங்கே இல்லை?

அப்போதுதான் உறைத்தது. அவள் குச்சிப்பூச்சியாக ஆசைப்படவே இல்லை. தலையை மட்டும்தான் ஆட்டினாள். அவள் கேட்டது நத்தை. திங்கட்கிழமையிலிருந்து அவள் மனதில் இருந்தது அந்த ஒன்றுதான். ஓட வேண்டாத, மூச்சு வாங்க வேண்டாத, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாலே போதும் என்கிற உயிர்.

நத்தைக்கு ஓடு வேண்டும்.

சிமெண்ட் குழாய்கள்!

அந்த வழியாக ஏற்கெனவே இரண்டு தடவை ஓடியிருந்தாள். ஒன்று காலி. இன்னொன்று காலி. மூன்றாவது குழாயின் பின்பக்கம் மதிலோடு முட்டியிருந்தது, முன்பக்கம் மண்மேட்டில் புதைந்திருந்தது. புதைந்திருந்ததாகத்தான் அவளும் நினைத்திருந்தாள். இப்போது கை வைத்துப் பார்த்தாள். மண் இல்லை. சேறு பூசிய கோணிப்பை. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

பிடித்து இழுத்தாள்.

உள்ளிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

உயிரோடு இருக்கிறாள். திருப்பி இழுக்கிற அளவுக்குத் தெம்போடு இருக்கிறாள்.

"யசோ, நான்தாம்மா. டீச்சர். தொற."

கோணிக்கு அந்தப் பக்கம் மெல்லிய விசில் சத்தம் மட்டும், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக.

"வெளிய விஷக்காத்து வந்திருக்கு. போகணும்மா. ஆட்டம் எல்லாம் முடிஞ்சிருச்சு."

விசில்.

"ட்ர்ர்ர்ரிங்!" என்று வாயாலேயே அடித்துப் பார்த்தாள் பெர்சிஸ். பாதியில் இருமல் வந்து குரல் கிழிந்தது. "பெல் அடிச்சாச்சு பாரு! ட்ர்ர்ரிங்!"

"அது பெல் இல்ல," என்றது உள்ளிருந்து ஒரு சின்னக் குரல். "பருந்து."

பலமாக இழுத்துப் பிய்த்துவிடலாம். எட்டு வயசுக் குழந்தையின் கைதானே. கோணியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, எந்த வழியாக ஓடுவது என்று திரும்பிப் பார்த்தாள்.

கேட் இல்லை. வகுப்பறைகள் இல்லை. வேப்பமரத்தின் அடிப்பாகம் இல்லை. அவளுக்கும் கேட்டுக்கும் நடுவே அந்த வெள்ளை ஆள் உயரத்துக்கு நின்றது, உயர்ந்துகொண்டும் இருந்தது. சாம்பிராணிப் புகை தாங்காத நெஞ்சைத் தூக்கிக்கொண்டு இதற்குள் ஓடுவதா? நடுவில் தானே விழுந்துவிட்டால்?

குழாயடி பக்கத்திலேயே இருந்தது. மேல் தொட்டித் தண்ணீருக்குக் கரண்ட் தேவையில்லை. வாளியை நிரப்பிக் கோணியின்மேல் ஊற்றினாள். தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு மண்டியிட்டு, கோணியோடு வாயை வைத்துப் பேசினாள்.

"சரி யசோ. பெல் அடிக்கல. நீ வெளிய வர வேண்டாம். என்னைய உள்ள விடுறியா? நானும் நத்தை."

விசில் ஒரு கணம் நின்றது.

"உங்களையும் தொர்த்துதா டீச்சர்?"

"ஆமாம்மா. தொரத்துது. ரொம்பப் பக்கத்துல வந்திருச்சு."

கோணி ஒரு ஓரமாக விலகியது. சேறு அப்பிய சின்னக் கை ஒன்று வெளியே வந்து, டீச்சரின் சுடிதாரைப் பிடித்து உள்ளே இழுத்தது.

உள்ளே இருட்டு. முதுகை வளைத்து, முட்டிக்கால்களைக் கட்டிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. பெர்சிஸ் கோணியின் ஓரங்களை இழுத்து, கையில் அகப்பட்ட சேற்றை எல்லாம் அப்பி அடைத்தாள். பின்பக்கம் தடவினாள். அங்கேயும் சேறு.

"அங்க ஓட்ட இருந்துச்சு டீச்சர். மொதல்லயே அடச்சிட்டேன்."

பம்ப்பைக் குழந்தையின் வாயில் வைத்து அழுத்தினாள். விசில் கொஞ்சம் தணிந்தது. நனைந்த துப்பட்டாவின் ஒரு முனையை அவள் முகத்தில் சுற்றினாள், மறுமுனையைத் தன் முகத்தில். உள்ளேயும் காற்று எரிந்தது. ஆனால் வெளியே எரிந்த மாதிரி இல்லை. ஈரக் கோணி எதையோ தடுத்துக்கொண்டுதான் இருந்தது.

எவ்வளவு நேரம் தடுக்கும்? இதற்குள் இருக்கிற காற்று இரண்டு பேருக்கு எவ்வளவு நேரம் வரும்? ஓடியிருக்க வேண்டுமோ? ஒரு நத்தையின் கதையை நம்பி ஒரு குழந்தையைச் சிமெண்ட் குழாய்க்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே! செல்போன் கைப்பையில், கைப்பை ஆசிரியர் அறையில். தாங்கள் இந்தக் குழாய்க்குள் இருப்பது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

"டீச்சர், நடுங்காதீங்கோ. கோணி ஆடுது," என்று கிசுகிசுத்தாள் யசோதரா. "பருந்து பாத்துடும்."

பெர்சிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நடுக்கத்தை அடக்கினாள்.

நேரம் போயிற்று. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று தடதடவென்று காலடிச் சத்தம். ஒரு ஆண் குரல், இருமலும் அழுகையுமாக.

"யசோ! யசோதரா! கண்ணு, எங்கம்மா கீற? அப்பா வந்துகீறேன்மா!"

பீம்ராவ்.

இங்கே, என்று கத்த வாயைத் திறந்தாள் பெர்சிஸ். அந்த வாயைச் சேற்றுக் கை ஒன்று இறுகப் பொத்தியது.

"அசையாதீங்கோ டீச்சர்," என்றாள் யசோதரா அவள் காதுக்குள். "எங்கப்பா மாரியே பேசுது."

பெர்சிஸ் அந்தக் கையை விலக்கினாள். கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. மறுபடியும் முயன்றாள். காய்ந்த ஓலையைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம், அது கோணியைக்கூடத் தாண்டவில்லை. குழாயின் சுவரைக் கையால் அடித்தாள். சிமெண்ட் அதை விழுங்கிவிட்டது.

வெளியே வேறொரு குரல், முகமூடிக்குள்ளிருந்து வருவது போல: "யோவ், இங்க யாரும் இல்லய்யா! நீயும் சேந்து வுழப் போற. வெளிய வா, வாய்யா!"

"எம் பொண்ணு சார்… எம் பொண்ணு…"

இழுபடும் காலடிகள் தூரப் போயின. கோணியைத் தள்ளிக்கொண்டு வெளியே தாவப் பார்த்தாள் பெர்சிஸ். ஒரு ஓரம் விலகியதுமே முகத்தில் அறைந்த மாதிரி உள்ளே பாய்ந்தது அந்தக் காற்று. யசோதரா துடித்துப்போய் இருமினாள். பெர்சிஸ் ஓரத்தை மூடிவிட்டாள். மூடிய பிறகு அவள் அழுதது, சத்தமே இல்லாத அழுகை. கதவுக்கு அந்தப் பக்கமே வந்து நின்ற தகப்பனைத் திருப்பி அனுப்பிவிட்டோமே!

விசில் மாறிக்கொண்டு வந்தது. நீளமாக இருந்தது சின்னச் சின்னதாயிற்று. பம்ப்பை அழுத்தினாள். வெறும் 'உஸ்.' மறுபடியும் அழுத்தினாள், ஒன்றும் வரவில்லை. குழந்தையின் தலை அவள் தோளில் சாய்ந்தது.

"யசோ. தூங்கக் கூடாதும்மா. பேசு." குரல் வராததால் உதட்டைக் காதோடு வைத்துக் காற்றாலேயே பேசினாள். "பேசுடா."

"நத்தைக்கு… யாரு சொல்வாங்கோ… டீச்சர்?"

பெர்சிஸ் அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் மனதில் வரவில்லை.

அப்போது மணி அடித்தது.

எங்கோ தொலைவில் என்றுதான் முதலில் தோன்றியது. இல்லை, இங்கேதான். பள்ளிக்கூடத்து மின்சார மணி. காதைக் கிழிக்கிற அதே அலறல். அடித்தது, நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. கரண்ட்டை விட்டிருக்கிறார்கள். கரண்ட்டை விட்டார்கள் என்றால் கிடங்கில் அமோனியா கசிவை அடைத்துவிட்டார்கள். தான் தட்டிவிட்டு ஓடிய சுவிட்ச் கடைசியில் எந்தப் பக்கம் நின்றது என்று பெர்சிஸ் நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. அணைக்க மங்கை ஆயா இல்லை. யாருமே இல்லாத பள்ளிக்கூடத்தில் மணி அலறியது.

யசோதரா கண்ணைத் திறந்தாள்.

"பெல்லு," என்றாள். ஒரு காலை நீட்டி, கோணிப்பையை அவளே உதைத்துத் தள்ளினாள்.

வெளிச்சம் உள்ளே வந்தது. கடல் காற்று திரும்பியிருந்தது. எரிச்சல் இருந்தது, ஆனால் வேப்பமரம் தெரிந்தது, கேட் தெரிந்தது. காலிப் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது யார் என்று பார்க்க, கேட்டைத் தாண்டி முகமூடி மாட்டிய தீயணைப்புக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால், முகமூடி இல்லாமல், சட்டை கிழிந்து, பீம்ராவ்.

அரசு மருத்துவமனை வார்டில் அன்று வரிசை வரிசையாகக் கட்டில்கள். யசோதராவின் மூக்கிலும் வாயிலும் பச்சை நிற மூடி ஒன்றை மாட்டி ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஆபத்து இல்லை, இரண்டு நாள் வைத்திருந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் பெர்சிஸ். மங்கை ஆயா வந்து இருவர் தலையையும் தடவிவிட்டு, "அந்தப் பெல்ல இன்னும் யாரும் அணைக்கல தெரியுமா? நாந்தான் போய் அணைக்கணும்," என்று புலம்பிக்கொண்டே போனாள்.

பீம்ராவ் மகளின் கையை விடவே இல்லை. அவர் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"நான் கூப்ட்டேனே கண்ணு. அங்கதான் நின்னுகினு கத்தினேன். அப்பா கொரலு கேக்கலியா?"

மூடியை ஓரமாக விலக்கினாள் யசோதரா. "கேட்டுச்சுப்பா."

"அப்புறம் ஏம்மா வரல?"

"பெல்லு அடிக்கலியே."

பீம்ராவ் மெதுவாகத் திரும்பி டீச்சரைப் பார்த்தார். இந்தப் பார்வைக்குத்தான் பெர்சிஸ் இத்தனை நேரமும் பயந்துகொண்டிருந்தாள். குழாய்க்குள் பயந்ததைவிட அதிகமாக. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளக் கூடாது என்று முயன்றாள், முடியவில்லை.

"நான் போட்ட ரூல்," என்றாள். குரல் இன்னும் திரும்பவில்லை. "நான் கூப்பிட்டாலும் வரக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். எந்தங்கச்சி மாதிரி பாத்துக்கிடுறேன்னு உங்கள்ட்ட சொல்லிட்டு…" மேலே பேச முடியாமல் இருமினாள். பிறகு யசோதராவின் பக்கம் திரும்பினாள். "அந்த ரூல் இனிமே இல்லம்மா. அப்பா கூப்பிட்டா வரணும்."

யசோதரா யோசித்தாள். நெஞ்சு மெல்ல விசில் அடித்தது.

"பருந்து அப்பா மாரி கூப்ட்டா?"

பெர்சிஸ் பீம்ராவைப் பார்த்தாள்.

பீம்ராவ்தான் பேசினார். மகளின் முகத்தில் மூடியைச் சரியாகப் பொருத்தி, காதோரத்தில் காய்ந்திருந்த சேற்றை விரலால் சுரண்டி எடுத்தபடியே சொன்னார்:

"கூப்ட்டா வா. பருந்தா இருந்தா நான் பாத்துக்கிறேன்."

பிறகு, பக்கத்துக் கட்டிலைப் பார்க்காமலேயே சேர்த்துக்கொண்டார்.

"டீச்சர் கூப்ட்டாலும் வா."